கேட்காமல் எழுதிய பதில்

நோயாளியை வார்டில் சேர்க்கும்போது நாம் நிரப்பும் தாளை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வருவோம். புகை, மது என்ற இடம் வந்ததும் பேனா கொஞ்சம் வேகமெடுக்கும். முப்பத்தொரு வருடம் நர்ஸாக இருந்த நான், ஒரு முறை அந்த இடத்தில் கேட்காமலேயே 'இல்லை' என்று எழுதினேன்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி மேட்ரன் கேட்டபோது, எனக்குக் கிடைத்த பாராட்டுகளை எழுதலாமா என்று யோசித்தேன். அரைப் பக்கம்கூடத் தேறாது. அதனால் இதை எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களிடம் அனுமதி கேட்டுவிட்டேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

அப்போது நான் சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்த ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில், எலும்பு முறிவு வார்டுக்குப் பொறுப்பு நர்ஸ். ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். ஸ்ட்ரெச்சரில் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தங்கவேல் சார்.

ஸ்ரீரங்கத்தில் கணக்கு வாத்தியார் என்றால் அந்த வட்டாரத்தில் அவரைத்தான் சொல்வார்கள். முக்கொம்புக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. படித்து, வேலை கிடைத்து, ஸ்ரீரங்கத்திலேயே வீடு கட்டிக்கொண்டவர். என் மகள் பத்தாம் வகுப்பில் கணக்கு என்றாலே வயிற்று வலி என்று படுத்துக்கொள்வாள். அவளை அவரிடம் டியூஷனுக்கு அனுப்பினேன். நான்கே மாதத்தில், "அம்மா, இன்னிக்கு ஒரு கணக்கை சாரே தப்பா போட்டாரு, நான் சொன்னேன், கைதட்டச் சொன்னாரு" என்று சிரித்துக்கொண்டே வந்தாள். அவர் வேண்டுமென்றுதான் தப்பாகப் போட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட மனிதர்.

அம்மா மண்டபம் சாலையில் மணலில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்திருக்கிறார். வலது தொடை எலும்பு முறிந்திருந்தது. கூடவே மனைவி மல்லிகாவும், மல்லிகாவின் தம்பி குமாரும் வந்திருந்தார்கள். குமாருக்கு அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை.

முதலில் செய்யவேண்டியதையெல்லாம் செய்துவிட்டு, தாளை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அப்போதும், "பாப்பா எப்படி இருக்கா சிஸ்டர்? இன்ஜினீயரிங் முடிச்சுட்டாளா?" என்று கேட்டார். வாயிலிருந்து ஏலக்காய் மணம் வந்தது. நான் சர்க்கரையைப் பற்றிக் கேட்டேன். பிரஷரைப் பற்றிக் கேட்டேன். அடுத்த கேள்விக்கு வந்தேன். என் மகளின் வாத்தியாரிடம், அவர் மனைவியையும் மச்சினனையும் வைத்துக்கொண்டு, "குடிப்பீங்களா சார்?" என்று எப்படிக் கேட்பது? வாய் வரவில்லை. இரண்டு கட்டத்திலும் 'இல்லை' என்று எழுதிவிட்டுத் தாளைத் திருப்பினேன்.

மல்லிகா என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுதி முடித்ததும் நீளமாக மூச்சு விட்டார். கணவர் கால் முறிந்த கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு ஆபரேஷன் என்று முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் போனபோது அவர் இரவெல்லாம் தூங்கவில்லை என்றார்கள். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தும் பாதி டீ சட்டையில் சிந்தியது. நெற்றியெல்லாம் வியர்வை. ஃபேன் தலைக்கு மேலேயே ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன சார், ஆபரேஷன்னா பயமா?" என்றேன்.

"பசங்களைப் பரீட்சைக்குப் பயப்படாதேன்னு சொல்ற ஆளு. எனக்கே நடுங்குது பாருங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. நாடி கொஞ்சம் வேகமாக இருந்தது. வலி, பயம், தூக்கமின்மை என்று நானே மூன்று காரணம் கண்டுபிடித்து எனக்கே சொல்லிக்கொண்டேன். மயக்க மருந்து டாக்டர் சாயங்காலம் வந்து பார்த்தார். தாளைப் புரட்டினார். 'இல்லை' என்று என் கையெழுத்தில் இருந்தது. அதை நம்பி அவர் போய்விட்டார். என்னைவிட்டால் அவர் வேறு யாரை நம்புவார்?

அன்று இன்னொன்றும் நடந்தது. மத்தியானம் மாடிப்படி அருகே மல்லிகா தம்பியைத் திட்டிக்கொண்டிருந்தார். குமார் கையில் ஒரு ஜூஸ் பாட்டில்.

"எடுத்துட்டுப் போடா இதை. இங்க எதுக்குக் கொண்டாந்த?"

"அக்கா, மாமாவைப் பார்த்தியா நீ? கொஞ்சமாச்சும் குடுக்கா."

"ஒரு சொட்டு குடுக்கக் கூடாது. நீ கெளம்பு."

ஆபரேஷனுக்கு முன்னால் ஜூஸ் கொடுக்கக் கூடாது என்று பயப்படுகிறார்போல, கவனமான பெண் என்று நினைத்துக்கொண்டே கடந்துபோனேன். கண்ணுக்கு எதிரே நடப்பதைப் பார்த்தும், நமக்கு ஏற்றபடி அதற்கு ஓர் அர்த்தம் கற்பித்துக்கொள்வது எவ்வளவு சுலபம் என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு டூட்டிக்கு வந்தேன். முந்தின டூட்டி பார்த்த பெண், "பத்தாம் பெட் பயத்துல புலம்பிட்டே இருக்காரு சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போய்ப் பார்த்தேன். தங்கவேல் சார் போர்வையைக் கையால் தட்டித் தட்டி விட்டுக்கொண்டிருந்தார். கண்கள் சிவந்து, எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தன.

"சார், என்ன பண்றீங்க?"

"எறும்பு. எவ்வளவு எறும்பு பாருங்க. யாரு சர்க்கரையைக் கொட்டினது?" என்றவர், சட்டென்று குரலை உயர்த்தி, "போர்டை யாரு அழிச்சது? நான் இன்னும் முடிக்கவே இல்லையே!" என்றார்.

போர்வையில் எறும்பு இல்லை. உடம்பு அனலாகச் சுட்டது. நாடி பறந்தது. கிருமித் தொற்றாக இருக்குமோ, முறிந்த எலும்பிலிருந்து ஏதாவது மூளைக்குப் போயிருக்குமோ என்று மனம் எங்கெங்கோ ஓடியது. ஓடவேண்டிய இடத்துக்கு மட்டும் ஓடவில்லை. அந்தக் கதவைத்தான் நானே 'இல்லை' என்று எழுதிச் சாத்தியிருந்தேனே.

எங்கள் வார்டைப் பெருக்கித் துடைக்கும் அக்கா ஒருவர் இருந்தார். என் வயதுதான் இருக்கும். அவர் தன் பெயரை எழுதவே கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் அக்கா என்றே எழுதுகிறேன். அதிகம் பேசமாட்டார். அன்று துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"சிஸ்டர், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்கக்கா."

"இந்த சார் குடிக்கிறவரு."

"இவரா? இல்லக்கா. எனக்கு நல்லாத் தெரியும் இவரை."

"என் வீட்டுக்காரரும் இப்படித்தான் சிஸ்டர். எறும்பு எறும்புன்னாரு. செவுத்தைத் தட்டித் தட்டி விட்டாரு. குடியை நிறுத்தணும்னு நானும் என் மாமியாரும் ரூமுல வச்சுப் பூட்டிட்டோம். நல்லதுன்னு நெனச்சுத்தான் பூட்டினோம். மூணாம் நாளு போயிட்டாரு."

அவர் அதை அழாமல் சொன்னார்.  வாடையை மறைத்த ஏலக்காய், டீ டம்ளர், வியர்வை, ஜூஸ் பாட்டில் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து வரிசையாக நின்றன. படிப்பில் நான் இதைப் படித்திருக்கிறேன். வருடக்கணக்கில் தினமும் குடித்த உடம்பு, திடீரென்று ஒரு நாள் அது நின்றுபோனால் தாங்காது. நடுக்கம் வரும், இல்லாதது தெரியும், வலிப்பு வரும், உயிரே போகும். ரோட்டோரம் விழுந்துகிடந்த ஆள் என்று யாராவது கொண்டுவந்து போட்டிருந்தால், முதல் நாளே எனக்கு அது தோன்றியிருக்கும்.

அந்த நேரம் பார்த்துத் தியேட்டரிலிருந்து ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது.

"கொஞ்சம் இருங்க" என்றேன்.

"டாக்டர் கை கழுவப் போயிட்டாரு சிஸ்டர்" என்றான் கொண்டுவந்த ஆள்.

"அஞ்சு நிமிஷம்."

அக்காவை அவர் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, மல்லிகாவைக் கையைப் பிடித்து, போர்வை அடுக்கும் அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன்.

"மல்லிகா, சார் தினமும் குடிப்பாரா?"

"ஐயையோ, இல்ல சிஸ்டர். என்ன இப்படிக் கேக்குறீங்க?"

"நான் கேட்டது தப்பில்ல. சனிக்கிழமையே கேட்காம விட்டதுதான் தப்பு. இப்ப அவரைத் தியேட்டருக்குக் கொண்டுபோகப் போறாங்க. நீங்க சொல்லலைன்னா அங்க என்ன வேணா ஆகலாம். அவரைக் குறை சொல்றதுக்காகக் கேக்கல. அவரைக் காப்பாத்தக் கேக்குறேன்."

அவர் போர்வை அடுக்கின்மேல் கையை ஊன்றிக்கொண்டார். 

"எழுதிடாதீங்க சிஸ்டர். ஸ்கூல்ல தெரிஞ்சா அவரு உயிரோடவே இருக்க மாட்டாரு."

"ஸ்கூலுக்குப் போற காகிதத்துல கால் முறிவுன்னு மட்டும்தான் இருக்கும். டாக்டருக்குத் தெரியணும். சொல்லுங்க, எத்தனை வருஷமா?"

"ஆறு வருஷம். டியூஷன் முடிஞ்சு எல்லாரும் போனதும் மாடிக்குப் போயிடுவாரு. சத்தம் போட மாட்டாரு. யாரையும் அடிச்சது கிடையாது. ரோட்டுல விழுந்ததில்ல. சம்பளத்தை அப்படியே என் கையில குடுத்துடுவாரு. அதனால குடிகாரர்னு நானே நினைக்கல சிஸ்டர். இப்ப ரெண்டு வருஷமா காலைலயும் ஆரம்பிச்சுட்டாரு. காலைல குடிக்கலைன்னா சாக்பீஸைப் பிடிக்க முடியல, கை ஆடுது."

"கடைசியா எப்ப?"

"சனிக்கிழமை காலைல. அதுக்கப்புறம் ஒரு சொட்டு கிடையாது. தம்பி ஜூஸ்ல கலந்து கொண்டாந்தான். நான்தான் திருப்பி அனுப்பிட்டேன்." அவர் முகத்தில் ஒரு கணம் பெருமை மாதிரி ஒன்று வந்து போனது. "கால் ஒடைஞ்சதே பெருமாள் குடுத்த வழின்னு நெனச்சேன் சிஸ்டர். நாலு நாள் இங்க கட்டிலோட கிடந்தா, தானா விட்டுப்போயிடும்னு..."

 கணவர்மேல் உயிரையே வைத்திருந்த ஒரு பெண், ஆறு வருடமாகக் காத்திருந்த சந்தர்ப்பம் வந்ததும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அதுதான் இப்போது அவரைக் கொல்லப் பார்க்கிறது என்று எப்படிச் சொல்வது? "வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

தியேட்டருக்குப் போன் செய்தேன். நர்ஸ் எடுத்து, சர்ஜனின் காதில் வைத்தாள்.

"சார், பத்தாம் பெட்டைக் கீழ அனுப்பல. ஆபரேஷனை நிறுத்தணும் சார். குடிப்பழக்கம் இருக்கு. ரெண்டு நாளா குடிக்கல. இப்ப புலம்பல், ஜுரம், நாடி நூத்தி முப்பது."

அவருக்குக் கோபம் வந்தால் குரல் தணிந்துவிடும். "தாள்ல இல்லைன்னு இருக்கே. யார் எழுதினது?"

இந்தக் கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருந்திருக்கும்? இரண்டு மூச்சு இருக்கலாம். அதற்குள் ஒரு பதில் தானாகவே நாக்கு நுனிக்கு வந்து நின்றது. 'வீட்டுக்காரங்க மறைச்சுட்டாங்க சார்.' மல்லிகா என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். நான் அப்படிச் சொல்லியிருந்தால் மறுத்திருக்க மாட்டார். தலையைக் குனிந்துகொண்டிருப்பார். அது முழுப் பொய்யும் இல்லை, கேட்டிருந்தால் மறைத்துத்தான் இருப்பார். இப்போது யோசித்தாலும் அந்த இரண்டு மூச்சு எனக்குப் பயமாக இருக்கிறது.

"நான்தான் சார். கேக்காமலே எழுதிட்டேன்."

அந்தப் பக்கம் கையுறையைக் கழற்றும் சத்தம் கேட்டது. பிறகு, "பக்கத்துலயே இருங்க. நானும் அனஸ்தீசியா டாக்டரும் மேல வர்றோம்" என்றார்.

அவர்கள் படியேறி வருவதற்குள் வலிப்பு வந்துவிட்டது. முறிந்த காலோடு வலிப்பு எப்படி இருக்கும் என்று விவரிக்கப் போவதில்லை. நானும் அக்காவும் இன்னொரு நர்ஸும் அவரைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்துக்கொண்டோம். மல்லிகா வாசலில் நின்று அலறிக்கொண்டிருந்தார். ஸ்ட்ரெச்சரில் ஏற்றியிருந்தால் இதே நேரத்தில் அவர் லிப்டுக்குள்ளோ, தியேட்டர் மேஜையிலோ இருந்திருப்பார்.

அடுத்த நான்கு நாளும் தீவிர சிகிச்சைப் பிரிவில். மருந்தெல்லாம் டாக்டர்கள் வேலை, அதை நீங்கள் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். நமக்கு அங்கே இருக்கும் வேலை வேறு. எழுந்து ஓடப்பார்க்கிறார், கையைக் காலைக் கட்டிப்போடலாமா என்று ஒரு இளம் டாக்டர் கேட்டார். கட்டினால் இன்னும் மிரளுவார் என்று தோன்றியது. குமார் லீவு போட்டுவிட்டு வந்து, மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எறும்பு எறும்பு என்று அவர் கத்தும்போது, இல்லை என்று வாதாடியவர்களிடம் அவருக்குக் கோபம் வந்தது. ஆமாம் என்று சொன்னவர்களால் பயம் அதிகமாயிற்று. கடைசியில் நான், "எனக்கு எறும்பு தெரியல சார். ஆனா உங்களுக்குப் பயமா இருக்குன்னு தெரியுது. நான் இங்கயேதான் இருக்கேன்" என்று சொல்லிப் பார்த்தேன். கொஞ்சம் அடங்கினார். அன்றிலிருந்து இப்படிப்பட்ட எல்லோரிடமும் இதையேதான் சொல்லிவந்திருக்கிறேன்.

இரண்டாம் நாள் மல்லிகாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. டாக்டர் விளக்கும்போது, "திடீர்னு நிறுத்தினதால வந்தது" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அவர் போனபிறகு மல்லிகா வெளியே பெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தார். சாப்பிடவில்லை. என்னிடம், "நான்தான் சிஸ்டர். என் கையாலதான்" என்றார்.  நானும் தேறுதலாக என்னென்னவோ சொன்னேன். ஒன்றும் அவர் காதில் ஏறவில்லை.

அப்போது அக்கா வந்து பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். யூனிபாரத்தோடு அங்கே உட்காரக் கூடாது என்று எங்களிடம் விதி இருந்தது. 

"எனக்கும் தெரியாதும்மா" என்றார் அக்கா. "நானும் நல்லதுன்னுதான் செஞ்சேன். எனக்கு யாரும் சொல்லல. சொல்லியிருந்தா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருக்க மாட்டேனா? அந்த ரூமு சாவியை இன்னும் கனவுல பிடிச்சுட்டு நிக்கிறேன். பதினேழு வருஷமாச்சு. உன் வீட்டுக்காரரு உள்ள மூச்சு விட்டுட்டு இருக்காரும்மா. எந்திரி. போய்ச் சாப்பிடு."

மல்லிகா அவர் தோளில் சாய்ந்து அழுதார். பத்து வருடத்துக்கு மேல் நானும் அக்காவும் ஒரே வார்டில் வேலை பார்த்திருந்தோம். அவருக்குள் அப்படி ஒரு சாவி இருந்தது எனக்குத் தெரியாது. நான் அவரையும் எதுவும் கேட்டதில்லை.

ஐந்தாம் நாள் காலை தங்கவேல் சார் தெளிந்த கண்ணோடு என்னைப் பார்த்தார். தண்ணீர் கேட்டார். டம்ளரை நான் பிடித்துக்கொண்டேன்.

"எல்லாருக்கும் தெரிஞ்சுடுச்சா சிஸ்டர்?"

"தெரிய வேண்டியவங்களுக்குத் தெரியும் சார். வெளிய யாருக்கும் தெரியாது. என் பொண்ணு கேட்டா. கால் ஒடைஞ்சிருக்குன்னு மட்டும் சொன்னேன்."

"ரொம்பப் பேசினேனா?"

"கிளாஸ் எடுத்தீங்க."

"என்ன பாடம்?"

"ஏதோ முக்கோணம் சார்."

"சரியா நடத்தினேனா?"

"எனக்குக் கணக்கு வராது சார்."

அவர் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது. நான் திரையை இழுத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்பா இறந்த வருடம் தூக்கத்துக்காக ஆரம்பித்தது என்றார். ஊரில் எல்லோரும் வணக்கம் வைக்கிற ஆள் எந்த டாக்டரிடம் போய் இதைச் சொல்வது என்று தெரியவில்லை என்றார். தெருவில் விழுந்து கிடப்பவனைப் பார்க்கும்போதெல்லாம், 'நான் இவன் இல்லை' என்று நினைத்துத் தைரியமாக இன்னும் கொஞ்சம் குடித்ததாகச் சொன்னார்.

நான் என் பங்கைச் சொன்னேன். "சனிக்கிழமை உங்ககிட்ட கேட்டிருக்கணும் சார். மரியாதைன்னு நெனச்சு விட்டுட்டேன். மன்னிச்சுக்குங்க."

அவர் போர்வையை மார்புவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"கேட்டிருந்தா உண்மையைச் சொல்லியிருப்பேனான்னு தெரியல சிஸ்டர். இல்லைன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா யாராவது ஒருத்தர் கேக்க மாட்டாங்களான்னு ஆறு வருஷமா இருந்தேன்."

நீங்கள் வேறு எதை மறந்தாலும் இந்த வாக்கியத்தை மறக்காதீர்கள். அதன்பிறகு நான் யாரையும் 'குடிப்பீங்களா' என்று கேட்டதில்லை. அது குற்றப்பத்திரிகை வாசிக்கிற மாதிரி இருக்கிறது. கூட வந்தவர்களை மருந்துக் கடைக்கோ டீக்கடைக்கோ அனுப்பிவிட்டு, "மயக்க மருந்து குடுக்கிறவருக்குத் தெரியணும், அதான் கேக்குறேன். கடைசியா எப்ப குடிச்சீங்க? எவ்வளவு?" என்பேன். கோயில் பட்டர், பேங்க் மேனேஜர், பேரன் பேத்தி எடுத்த அம்மா என்று பார்க்காமல் ஒரே குரலில் கேட்பேன். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே, "எனக்கு அந்தப் பழக்கமே இல்லம்மா" என்பார்கள். சிலர் கதவைப் பார்ப்பார்கள், யாராவது கேட்கிறார்களா என்று. பிறகு சொல்வார்கள். குடும்பத்தாரிடம், வீட்டில் பூட்டிவைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள், டாக்டரிடம் கூட்டிக்கொண்டு வாருங்கள், நிறுத்துவதற்கும் வைத்தியம் இருக்கிறது என்று சொல்வேன். இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது.

சர்ஜன் என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார். நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். அந்த வருடம் எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு இன்னொருவருக்குப் போனது. நியாயம்தான். இரண்டு வாரம் கழித்து தங்கவேல் சாருக்குக் காலில் ஆபரேஷன் நடந்தபோது, சர்ஜன் வார்டுக்கு வந்து, "நீங்களே கூட வாங்க. அவரு உங்களைக் கேக்குறாரு" என்று மட்டும் சொன்னார்.

இத்தோடு கதை நன்றாக முடிந்தது என்று எழுத ஆசைதான். அப்படி முடியவில்லை. ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் பாதி கெட்டிருந்தது தெரிந்தது. குடிநோய்க்குத் தனியாக ஒரு டாக்டரைப் பார்க்க ஆரம்பித்தார். வாரம் ஒரு முறை ஆலோசனை. கைத்தடியோடு பள்ளிக்கூடம் போனார். எட்டாவது மாதம் மல்லிகாவிடமிருந்து போன் வந்தது. மறுபடி ஆரம்பித்துவிட்டார்.

"உங்ககிட்ட சொல்லவே வெக்கமா இருக்கு சிஸ்டர். அவ்வளவு பாடுபட்டீங்க."

"சர்க்கரை ஏறிப்போச்சுன்னா சொல்ல வெக்கப்படுவீங்களா? இதுவும் அப்படித்தான். கூட்டிட்டு வாங்க. நீங்களா நிறுத்த வைக்காதீங்க, கூட்டிட்டு வாங்க."

வந்தார்கள். இந்த முறை ஒன்பது நாள் தங்கி, முறைப்படி மருந்து கொடுத்து நிறுத்தினார்கள். நடுக்கம்கூடப் பெரிதாக இல்லை. தங்கவேல் சார் என் முகத்தைப் பார்க்காமல், "ஃபெயிலான பையனை மறுபடி கிளாஸ்ல சேர்த்துக்கிட்டீங்க" என்றார். அதற்குப் பிறகு இதுவரை அவர் தொடவில்லை. நாளை என்ன என்று எனக்குத் தெரியாது. அவரும் தெரியாது என்றுதான் சொல்கிறார்.

எனக்குக் கடைசியாகப் புரிந்தது மல்லிகாவைப் பற்றி. கணவர் இரண்டாம் முறை குடியை விட்டு ஒரு வருடமான பிறகு, ஒரு நாள் மல்லிகா தனியாக என்னிடம் வந்து உட்கார்ந்தார். உடம்பு பாதியாகியிருந்தது.

"அவரு நல்லாயிட்டாரு சிஸ்டர். நல்லாத் தூங்குறாரு. என்னாலதான் தூங்க முடியல. மாடில சின்னச் சத்தம் கேட்டாலும் எந்திரிச்சு உக்காந்துடறேன். அவரு சட்டையைத் துவைக்கப் போடும்போது மோந்து பார்க்கிறேன். அவரு பாத்துட்டாரு ஒரு நாள். ஒண்ணும் சொல்லல. அதுவே எனக்குத் தாங்கல. இதையெல்லாம் போய் யார்கிட்ட சொல்றது? நான் குடிக்கவே இல்லையே."

ஆறு வருடம் அந்த வீட்டில் இரண்டு பேருக்கு நோய் இருந்திருக்கிறது. நாங்கள் ஒருவருக்கு மட்டும்தான் தாள் நிரப்பினோம். அன்றே அவரையும் அதே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். கணவருக்குத் தெரியாமல் வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால், இருவரும் சேர்ந்து வர ஆரம்பித்தார்கள். அந்த அறைக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

நான் ஓய்வுபெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு, ஒரு மத்தியானம் புறநோயாளிகள் பிரிவில் நர்ஸ் குறைவென்று என்னை அங்கே போட்டிருந்தார்கள். நல்ல வெயில் காலம். கூட்டம் நிறைய. அடுத்த சீட்டு மல்லிகா என்று இருந்தது. கூப்பிட்டேன். யாரும் வரவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன்.

சுவரோரப் பெஞ்சில் மல்லிகா தூங்கிக்கொண்டிருந்தார். தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, குழந்தை மாதிரி. பக்கத்தில் யாரோ போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள், ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது, எதற்கும் அவர் அசையவில்லை. தங்கவேல் சார் மனைவியின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அவர் தலை தன் தோளிலிருந்து நழுவாதபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கால் மரத்துப்போயிருக்கும், ஆபரேஷன் செய்த கால்.

எழுப்புவதற்காக நான் கையை நீட்டினேன். சார் தன் உதட்டில் விரலை வைத்தார்.

"அடுத்தவங்களைக் கூப்பிடுங்க சிஸ்டர்" என்றார் மெதுவாக. "இவ தூங்கட்டும்."

நான் போய் அடுத்த சீட்டைக் கூப்பிட்டேன். அதற்கடுத்ததையும் கூப்பிட்டேன்.